மாவட்டத் தேர்வா, ரேட்டிங் போட்டியா?

பாளையங்கோட்டையிலோ வள்ளியூரிலோ செஸ் பழகும் பிள்ளைக்கு முன்னால் இரண்டு வழிகள்: மாவட்டச் சங்கத்தின் வயதுப் பிரிவுத் தேர்வுப் போட்டி, அல்லது பணம் கட்டி யாரும் சேரக்கூடிய ஓபன் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) போட்டி. இரண்டுக்கும் சங்கப் பதிவு முதலில் வேண்டும்.

தேர்வுப் போட்டி ஏணி மாதிரி. மாவட்டத்தில் முன்னணியில் வருபவர் மாநிலத்துக்கு, அங்கே முன்னணியில் வருபவர் தேசியப் போட்டிக்கு. தேசிய அளவில் நடத்துவது 1951-ல் தொடங்கிய அகில இந்திய செஸ் கூட்டமைப்பு; உலக அளவில் 1924-ல் பாரீசில் பிறந்த ஃபிடே என்ற உலக செஸ் கூட்டமைப்பு. உள்ளூரிலேயே ஆடுவதால் செலவு குறைவு. ஆனால் இடங்கள் கொஞ்சம்தான். ஒரு நாள் சறுக்கினால் அடுத்த வருடம் வரை காத்திருக்கணும், பிள்ளைகளுக்கு அது கொடுமை. வயதை ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடுவார்கள், பிறப்புச் சான்றிதழ் கைவசம் இருக்கட்டும். அப்புறம், 2019-ல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. சங்கரன்கோவில் பிள்ளை இப்போது தென்காசிக்காரர்.

ரேட்டிங் போட்டியில் மாவட்ட எல்லை கிடையாது. ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டம் ஆடி, கணக்கிட்டு வரும் ரேட்டிங் 1400-ஐத் தொட்டால்தான் ஃபிடே பட்டியலில் ஏற முடியும். 2024 மார்ச்சுக்கு முன் இந்த எல்லை 1000. நுழைவுக் கட்டணம், வெளியூரில் தங்கும் செலவு, கூடவே போகிறவரின் விடுப்பு எல்லாம் சேர்ந்து வீட்டைப் பதம் பார்த்துவிடும்.

புதிதாக ஆடுகிற பிள்ளைக்கு மாவட்டத் தேர்வுதான் சரி என்பேன். அங்கே தொடர்ந்து பாதிக்கு மேல் புள்ளி எடுக்கத் தொடங்கியதும் ரேட்டிங் போட்டிக்குக் கூட்டிப் போங்கள்.