சிரில்: கரினா நெபுலாவுக்கு சொந்தக் கலர் கிடைச்சுது

இந்த ஏப்ரல் அமாவாசைக்கு, தென்வானத்துல தெரியுற கரினா நெபுலாங்கிற வாயு-தூசி மேகத்த படம் பிடிக்க மைதோ மலை ஏறினேன், சுமார் 2200 மீட்டர், கீழ சேன்-போல், லெ போர் பக்கத்து வெளிச்சம் எப்பவும் மஞ்சளா மேல ஏறி வரும், ஆனா பெட்ரல்ங்கிற கடல்பறவைக் குஞ்சுங்க கூட்டை விட்டு கடலுக்குப் பறக்குற சமயம், வெளிச்சத்துல வழி தவறிடக்கூடாதுன்னு ஏப்ரல்ல இங்க ரெயூனியன்ல ராத்திரி நிறைய இடத்துல விளக்க அணைச்சிடுறாங்க, அதனால வானம் நல்ல கருப்பு. மாத்தம் எதுவும் பண்ணாத டிஎஸ்எல்ஆர், ஒவ்வொண்ணும் 60 செகண்ட்னு 120 ஃபிரேம்.

வானப் படங்கள சேர்த்துத் திருத்துற சாஃப்ட்வேரான சிரில் முழுக்க இலவசம், பிரெஞ்சுலயும் இருக்கு. லைட்ஸ் (வானப் படம்), டார்க்ஸ் (மூடி போட்டு எடுத்தது), பிளாட்ஸ் (சீரான வெளிச்சத்த எடுத்தது), பயஸ் (மூடி போட்டு ரொம்பக் குறைஞ்ச நேரம் எடுத்தது)னு நாலு ஃபோல்டர்ல போட்டு ஸ்கிரிப்ட ஓட்டினா எல்லா ஃபிரேமும் ஒண்ணா சேந்த ஸ்டாக் ரெடி. டிஸ்க்குல இடம் மட்டும் ஒழிச்சு வச்சுக்கோங்க, 24 மெகாபிக்சல் கலர் ஃபிரேம் 32 பிட்டுல கிட்டத்தட்ட 290 எம்பி, 120 ஃபிரேமுக்கு ஒரு கட்டத்துக்கே 35 ஜிபி போயிடும்.

இதுவரைக்கும் நான் ஸ்ட்ரெட்ச் பண்ணிட்டு (மங்கலான பகுதி தெரியுற மாதிரி வெளிச்சத்த ஏத்துறது) கண்ணளவுல சிவப்ப ஏத்துவேன், தூசிப்பட்டையெல்லாம் ரோஸ் ஆயிடும். சரியான வரிசை வேற. முதல்ல பேக்ரவுண்ட் வெளிச்சத்த எடுக்கணும் (பேக்ரவுண்ட அளக்க வைக்கிற புள்ளிய நெபுலா மேல வச்சிடாதீங்க, நெபுலாவும் சேந்து போயிடும்), அப்புறம் பிளேட் சால்வ் (படத்துல எந்த நட்சத்திரம் எதுன்னு கண்டுபிடிக்கிறது), அப்புறம் சிரில் 1.4 வரிசைல வந்த எஸ்பிசிசிங்கிற கலர் திருத்தம். கயா செயற்கைக்கோள் அளந்த நட்சத்திர நிறமாலையோட நம்ம படத்து நட்சத்திரங்கள ஒப்பிட்டு, நம்ம சென்சாரையும் கணக்குல எடுத்து கலர திருத்துது. ஸ்ட்ரெட்ச் பண்றதுக்கு முன்னாடியே பண்ணணும், பின்னாடி பண்ணா வெளிச்ச விகிதமே மாறியிருக்கும், கணக்கு ஒத்து வராது. நெபுலாவுக்குள்ள இருக்குற டிரம்ப்ளர் 14 நட்சத்திரக் கொத்து நீலவெள்ளையா வந்து நின்னத பாத்து அப்படியே உக்காந்துட்டேன். 1751-52ல பிரெஞ்சு வானியலாளர் லக்காய் கேப் டவுன்ல இருந்து சின்ன குழாய்ல பாத்துக் குறிச்ச அதே மேகம்!

நுணுக்கம் வேணும்னா ஜிஹெச்எஸ்ங்கிற இன்னொரு வகை ஸ்ட்ரெட்ச், சிமெட்ரி பாயிண்ட (எந்த வெளிச்ச அளவுல அதிகமா ஏத்தணும்னு சொல்ற புள்ளி) தூசிப்பட்டையோட வெளிச்ச அளவுல வச்சு அஞ்சாறு தடவ கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, நெபுலாவுல கீஹோல்ங்கிற இருட்டுப் பகுதியோட ஓரம் பிரிஞ்சு தெரியும், நடுவுல இருக்குற வெளிச்சமும் வெளுக்காது.

லேயர் வச்சு வேலை பண்ணணும்னா மட்டும் ஜிம்ப்ங்கிற படம் திருத்துற சாஃப்ட்வேருக்கு போகணும். இன்னொண்ணு, ஹைட்ரஜனோட 656 நானோமீட்டர் சிவப்புல பெரும்பங்க சாதா கேமராவோட ஃபில்டரே தடுத்துடுது, அத எந்த சாஃப்ட்வேரும் திருப்பித் தராது. பாண்டிச்சேரி அத்தை வாட்ஸ்அப்ல படத்த பாத்துட்டு "நட்சத்திரம் எல்லாம் வெள்ளைன்னுல்ல நெனச்சேன்"னாங்க. அடுத்த அமாவாசைக்கு ஃபில்டர் எடுத்த கேமராவோட திரும்ப மைதோ.