நின்று நின்று கிளம்பும் காருக்கு ஒரு ப்ளூடூத் ஸ்கேனர்

என் 2014 மாடல் பெட்ரோல் கார், நாகர்கோவிலிலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகும்போது, குலசேகரம் தாண்டியதும் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் அணைந்துவிடும்; இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் எதுவும் நடக்காததுபோல் கிளம்பும். பட்டறையில் விட்டாலோ நாள் முழுக்க ஓடும். "நிக்கிற நேரம் கொண்டு வாங்க அண்ணே" என்றார் ஒரு மெக்கானிக்; இன்னொருவர் பெட்ரோல் பம்பையே மாற்றிப் பார்த்தார். அதன் பிறகுதான், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், காரின் கணினியிலிருந்து பழுதுகளையும் அளவுகளையும் படித்து செல்போனில் காட்டும் இஎல்எம் 327 வகை ஸ்கேனர் ஒன்றை வாங்கினேன்.

ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை சாக்கெட்டில் செருகி, செல்போனில் ஆப் ஒன்றை ஏற்றினால் போதும். முதல் நாள் பழுதுக் குறியீடு எதுவும் காட்டாதது ஏமாற்றமாகத்தான் இருந்தது. கொடுத்த காசுக்குப் பலன் கிடைத்தது, வண்டி ஓடும்போதே அளவுகளைக் காட்டும் லைவ் டேட்டாவில். மறு ஞாயிறு மச்சினன் கையில் போனைக் கொடுத்துவிட்டு அதே சாலையில் ஓட்டினேன். வண்டி வழக்கம்போல் நின்றது. கூலன்ட் 92 டிகிரி, அதாவது இயல்புதான்; பெட்ரோலைக் கணினி எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதைக் காட்டும் ஃப்யூல் ட்ரிம் கடைசி வரை நான்கு சதவீதத்தைத் தாண்டாததால், பெட்ரோல் பற்றாமல் நின்றது என்றும் சொல்வதற்கில்லை. ஆனால் ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருந்தபோதும் திரையில் ஆர்பிஎம், அதாவது எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை, பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. 200ஐ ஒட்டியாவது காட்டியிருக்க வேண்டும். எஞ்சின் தண்டு சுழல்வதை உணரும் கிராங்க் சென்சாரின் சிக்னல் வராவிட்டால் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பது எஞ்சினை இயக்கும் கணினியான இசியூவுக்குத் தெரியாது, ஆகவே ஸ்பார்க்கும் இஞ்செக்‌ஷனும் நின்றுவிடும். சூட்டில் உள்ளிருக்கும் சுருளின் தொடர்பு விட்டுப்போவதும், ஆறியதும் மறுபடி சேர்ந்துகொள்வதும் இந்தச் சென்சாருக்குப் பழைய வியாதி.

அன்று பி0335 என்ற குறியீடும் பதிவாகியிருந்தது. கிராங்க் சென்சார் சுற்றில் கோளாறு என்பதோடு அது நின்றுவிடும். வயரா, கனெக்டரா, சென்சாரா என்று கண்டுபிடிக்க மல்டிமீட்டர் வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்ததும் முதல் மெக்கானிக் கனெக்டரையும் வயரையும் சோதித்துவிட்டு, சென்சாரை மாற்றினார். அதன் பிறகு நான்கு முறை பேச்சிப்பாறை போய் வந்தாயிற்று.

குறைகளும் உண்டு. ஒரே நேரத்தில் பத்து அளவுகளைக் கேட்டால் திணறுகிறது, நான்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. என்னிடம் உள்ளது ஏபிஎஸ், ஏர்பேக் பழுதுகளைப் படிப்பதில்லை. சாக்கெட்டுக்கு எப்போதும் கரண்ட் வருவதால், செருகியபடியே விட்டால் பேட்டரி இறங்கும். ஐபோன் வைத்திருப்பவர்கள் தங்கள் போனோடு சேருமா என்று கேட்டு வாங்க வேண்டும். பட்டறைக்குப் போகுமுன் குறியீட்டை அழிக்கும் பட்டனை மட்டும் தொடாதீர்கள்; பழுது ஏற்பட்ட நேரத்து அளவுகளைப் பிடித்து வைத்திருக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேமும் அதோடு போய்விடும்.