வெண்புள்ளி நோய்: தொட்டி மாற்றமா, செம்பு மருந்தா?

கோவையில் கடல்மீன் வளர்ப்பவர் ஒவ்வொரு லிட்டர் உப்புநீரையும் தாமே கலக்க வேண்டும். வெண்புள்ளி ஒட்டுண்ணி வந்தால் இந்தச் செலவுதான் முதலில் உறுத்தும். தொட்டி மாற்றும் முறையில் 3 நாளுக்கு ஒருமுறை மீன் புதுத் தொட்டிக்குப் போகும். 4 மாற்றம், 12 நாள். மீனிலிருந்து உதிர்ந்த ஒட்டுண்ணிகள் பெருகுவதற்குள் பழைய நீரோடு பின்தங்கிவிடும். மருந்தே வேண்டாம் என்பது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் புது நீர், நன்கு உலர்ந்த வலை வேண்டும்.

செம்பு மருந்து வெல்வெட் என்ற மற்றொரு ஒட்டுண்ணி நோயையும் அடக்கும். சுமார் 30 நாள் நீரில் செம்பின் அளவு குறையாமல் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பவளமும் இறாலும் செத்துவிடும் என்பதால் தனித் தொட்டியில் மட்டுமே!

ஒன்றிரண்டு கோமாளி மீன்களென்றால் மாற்றும் முறையையே சொல்வேன். இரண்டு முறையிலும், மிச்ச ஒட்டுண்ணிகள் அழிய, முதன்மைத் தொட்டி சுமார் 76 நாள் மீனின்றிக் கிடக்கட்டும்.