நீல நைட்ரைல் கிளவுஸ்: வார்டுக்கு வாங்குமுன்

100 உருப்படிப் பெட்டியில் வரும் பவுடர் இல்லாத நீல நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கிளவுஸ், ரத்தம் எடுக்க, ஐவி போட, கத்தீட்டர் பையைக் காலி செய்ய என வார்டின் அன்றாட வேலைக்குத் தாராளமாகப் போதும். விலையை மட்டும் பார்த்து வாங்கினால்தான் வம்பு.

பெட்டியின் ஓரத்தில் ஏ.க்யூ.எல். எண்ணைத் தேடுங்கள். ஒரு தொகுப்பில் ஓட்டை கிளவுஸ் எவ்வளவு வரை பொறுக்கப்படும் என்பதைச் சொல்லும் எண் அது, குறைந்தால் நல்லது. ஐரோப்பிய இஎன் 455 தரம் 1.5 கேட்கிறது, அமெரிக்க ஏஎஸ்டிஎம் டி6319 2.5 வரை விடுகிறது. 'உயர்தரம்' என்று மட்டும் அச்சடித்த பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம். சந்தேகமா? ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி 2 நிமிடம் தொங்கவிட்டு, விரல் இடுக்குகளையும் நுனிகளையும் பாருங்கள். ஆலையில் செய்யும் சோதனையும் ஏறக்குறைய இதுதான்.

லேட்டக்ஸ் எனும் இயற்கை ரப்பர் அளவுக்கு நைட்ரைல் நெகிழாது. அதனால் சைஸ் தப்பினால் உடனே தெரியும்: இறுக்கமானால் கட்டைவிரல் அடி வலிக்கும், தளர்ந்தால் நுனி சுருங்கி ரத்தக் குழாய் விரலுக்குத் தட்டுப்படாது, பிளாஸ்டர் ஒட்டும்போது கிளவுஸும் சேர்ந்து ஒட்டிக் கிழியும். எல்லாருக்கும் 'எம்' மட்டும் வாங்கிப்போடுவது ஸ்டோருக்குச் சௌகரியம், சிஸ்டர்களுக்கு அல்ல.

இதன் பெரிய பலம், ஒவ்வாமை தரும் லேட்டக்ஸ் புரதம் இல்லாதது. பவுடர் போட்ட லேட்டக்ஸில் அந்தப் புரதம் பவுடரோடு காற்றில் பறக்கும். பவுடர் கிளவுஸை அமெரிக்கா 2017 ஜனவரியில் தடை செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனாலும் நைட்ரைல் போட்டுக் கை அரிக்கிறதென்றால், தயாரிப்பில் சேரும் தையூரம், கார்பமேட் வகை ஆக்சிலரேட்டர்கள் (ரப்பர் இறுகுவதை வேகப்படுத்தும் ரசாயனங்கள்) காரணமாக இருக்கலாம். அவை இல்லாத ரகமும் கிடைக்கிறது. சானிடைசர் காயும் முன்பே கையை நுழைத்தாலும் தோல் எரியும்.

ஊசிக் குத்தை இது தடுக்காது. ஊசியில் ஒட்டிய ரத்தத்தைக் கொஞ்சம் துடைத்துவிடும், அவ்வளவே. ஊசி மூடியைத் திரும்பப் போடும் பழக்கத்துக்கு எந்த கிளவுஸும் மருந்தல்ல. புற்றுநோய்க்கான கீமோ மருந்துக்கு ஏஎஸ்டிஎம் டி6978 சோதனை பெற்றதுதான் வேண்டும், அதிலும் கார்முஸ்டின், தயோடெபா இரண்டும் சீக்கிரம் ஊடுருவுபவை. கிளவுஸ் மேல் சானிடைசர் தேய்த்து அடுத்த படுக்கைக்குப் போவதை அறவே விடுங்கள். கழற்றி சிவப்புப் பையில் போட்டு, கையைச் சுத்தம் செய்து, புதிதாக மாட்டுங்கள்.

பெட்டியை ஜன்னலோரத்திலோ யூவி விளக்கின் அருகிலோ வைக்காதீர்கள். வெயிலும், யூவி விளக்கால் உண்டாகக்கூடிய ஓசோன் வாயுவும் பட்டால் நைட்ரைலில் விரிசல் விழும்.