கிரீன் டீயும் மூலிகை டீயும்: சில வருடங்கள் குடித்துப் பார்த்ததில்

பால் ஊற்றிய காலை டீயை நான் விடவில்லை, விடும் எண்ணமும் இல்லை. அதற்குப் பிறகு நாள் முழுக்கப் போகிறபோக்கில் குடித்துக்கொண்டிருந்த டீக்களைக் குறைக்கத்தான் கிரீன் டீயும் மூலிகை டீயும் வாங்க ஆரம்பித்தேன். சில வருடங்கள் ஆகிவிட்டன. எத்தனையோ பெட்டிகள் வீட்டுக்கு வந்தன, தீர்ந்ததும் மறுபடி வாங்கியவை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் ருசிக்காக வாங்கியவை. எடை குறையும், தூக்கம் வரும், தோல் பளபளக்கும் என்று அட்டையில் போட்டிருந்ததைப் பார்த்து வாங்கியவை பாதியிலேயே நின்றுபோயின. தினமும் குடிக்க வேண்டிய ஒன்றை, நாக்குக்குப் பிடிக்காமல் எத்தனை நாள் குடிக்க முடியும்? அதனால் இங்கே முதலில் ருசி, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

குன்னூர் போன்ற தேயிலை ஏல மையங்களில் ருசி பார்ப்பவர்கள் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, எல்லாவற்றிலும் ஒரே அளவு இலை, ஒரே அளவு தண்ணீர், ஒரே நேரம் என்று ஊறவைத்துப் பார்ப்பார்கள். இதற்கு 1980இல் வந்த ஐஎஸ்ஓ 3103 என்ற சர்வதேசத் தரமே இருக்கிறது: 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம். அப்படிப் போட்ட டீ குடிக்க இதமாக இருக்காது. இலையில் குறை இருந்தால் அது மறையாமல் வெளியே வரவேண்டும் என்பதற்கான முறை அது. வீட்டில் அவ்வளவு கடுமை வேண்டாம், ஆனால் ஒரே டம்ளர், ஒரே அளவு, ஒரே நேரம் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

புதுப் பெட்டியின் முதல் டம்ளரில் தேன், சர்க்கரை, எலுமிச்சை எதுவும் கிடையாது. சூடாக ரெண்டு வாய், வெதுவெதுப்பாக ரெண்டு வாய், மிச்சத்தை நன்றாக ஆறிய பிறகு. சூடாக இருக்கும்போது ஆவியோடு வாசனை மூக்கில் ஏறுவதால் எல்லா டீயும் நன்றாக இருப்பதுபோலத்தான் தோன்றும். ஆறிய பிறகு வாசனை அடங்கி, நாக்கில் உள்ளது மட்டும் தெரியும். ஃபிளேவர் சேர்த்த டீக்களில் பாதிக்கு மேல் இந்தக் கடைசி வாயில்தான் தோற்கின்றன. ஸ்ட்ராபெர்ரி, பீச் என்று பழப் பெயரில் வரும் கிரீன் டீக்கள் சூடாக இருக்கும்போது அறையே மணக்கும். ஆறினால் வெறும் கசப்புத் தண்ணீர்.

கிரீன் டீ கசக்கிறது என்று சொல்பவர்களில் நிறையப் பேர் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள். தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக இலையிலிருந்து கேட்டகின்கள் என்ற துவர்ப்புப் பொருள்களும் காஃபினும் இறங்கும். கசப்பும் துவர்ப்பும் அவற்றால் வருவதுதான். மெல்லிய இனிப்பைத் தரும் தியானின் என்ற அமினோ அமிலம் மிதமான சூட்டிலேயே இறங்கிவிடும். ஆகவே 75 முதல் 80 டிகிரி, இரண்டு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். இதற்குத் தெர்மாமீட்டர் எல்லாம் தேவையில்லை. கொதித்த தண்ணீரை டம்ளருக்கும் டவராவுக்குமாக ரெண்டு மூன்று தடவை ஆற்றிவிட்டு இலைமேல் ஊற்றினால் போதும். குன்னூரில் இலை வாங்கிய கடைக்காரர், "அக்கா, இதுக்குத் தேன் தேடாதீங்க. ரெண்டு நிமிஷத்துல இலையை எடுத்துடுங்க, அதுவே இனிக்கும்" என்றார். அவர் சொன்னபடி போட்டதில் முதலில் லேசான துவர்ப்பு, விழுங்கிய பிறகு தொண்டையில் ஒரு இனிப்பு. நீலகிரியில் பெரும்பாலும் தயாராவது பால் டீக்கான, இயந்திரத்தில் நொறுக்கிச் சுருட்டிய சிடிசி தூள்தான் என்றாலும், முழு இலைக் கிரீன் டீயும் அங்கே நன்றாகச் செய்கிறார்கள். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் பறித்த இலையில் பூ வாசனை தூக்கலாக இருக்கும். என் அலமாரியில் நிரந்தர இடம் இதற்கு.

ஃபிளேவர் சேர்த்த டீ எல்லாமே மட்டம் என்று நான் சொல்லவில்லை. மல்லிகை டீயை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவின் ஃபுஜியான் மாகாணத்தில் ஃபுசோவ் என்ற ஊர் இதற்குப் பேர்போனது. அதன் மல்லிகைத் தேயிலை மரபை ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2014இல் உலக வேளாண் பாரம்பரியங்களில் ஒன்றாக அங்கீகரித்தது. அங்கே பயன்படுவது நம் குண்டுமல்லி, மதுரை மல்லியின் அதே இனம்தான். பகலில் மொட்டாகப் பறித்து வைக்கிறார்கள். இரவில் மொட்டு விரியும் நேரத்தில் தேயிலையோடு கலந்து அடுக்குகிறார்கள். இலை அந்த மணத்தை உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் வாடிய பூவைச் சலித்து எடுத்துவிட்டு இலையை உலர்த்தி, நல்ல ரகத்துக்கு மறுபடியும் புதுப் பூ போட்டு இதையே பல தடவை செய்கிறார்கள். எனவே நல்ல மல்லிகை டீயில் பூவிதழ் அதிகம் தென்படாது. அதே இலையில் இரண்டாம் தடவை தண்ணீர் ஊற்றினாலும் மணம் வரும். எசன்ஸ் தெளித்த டீயில் முதல் தண்ணீரோடு எல்லாம் போய்விடும். இந்த இரண்டாம் தண்ணீர்ச் சோதனையை இப்போது எல்லா ஃபிளேவர் டீக்கும் செய்து பார்க்கிறேன். நான் செய்யும் சோதனைகளில் இதைத்தான் அதிகம் நம்புகிறேன்.

வாங்குவதற்கு முன்னாலேயே கொஞ்சம் கண்டுபிடித்துவிடலாம். அட்டையின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். எடை அதிகமுள்ள பொருள் முதலில், குறைவானது கடைசியில் என்ற வரிசையில்தான் பொருள் பட்டியல் இருக்க வேண்டும் என்பது சட்டம். முன்னால் பெரிதாகத் துளசி படம், பின்னால் துளசி கடைசி வரியில் என்றால் அது துளசி டீ இல்லை. "நேச்சர் ஐடென்டிகல் ஃபிளேவர்" என்று இருந்தால், இயற்கையில் உள்ள அதே மூலக்கூறை ஆலையில் தயாரித்துச் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். அது விஷம் ஒன்றுமில்லை. ருசிதான் ஒற்றைக் குரலாக இருக்கும். நிஜ எலுமிச்சையில் தோலின் எண்ணெய், புளிப்பு, லேசான கசப்பு என்று எல்லாம் சேர்ந்து வரும். சாதாரணக் கிரீன் டீ வாங்கி, குடிக்கும்போது ஒரு துண்டு எலுமிச்சை பிழிந்துகொள்வது விலையிலும் ருசியிலும் மேல்.

டீ பை என்றால் ஒன்றைக் கத்தரித்து வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்துவிடுவேன். பழ ஃபிளேவர் பை ஒன்றைக் கொட்டியபோது, தூசி போன்ற பச்சைத் தூள், அதில் அங்கங்கே ரவை அளவில் வெளிர்நிற உருண்டைகள், நாலைந்து நீல, ஆரஞ்சு இதழ்த் துணுக்குகள். உருண்டையை நாக்கில் வைத்தால் அந்தப் பழ வாசனை மொத்தமும் அதில்தான் இருந்தது. இதழ்களைத் தனியாக வெந்நீரில் போட்டால் ருசியே இல்லை. கண்ணுக்காகச் சேர்த்தவை அவை.

விலைக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 25 பை உள்ள பெட்டியில் மொத்தமே 30, 35 கிராம்தான் இருக்கும். 160 ரூபாய்க்கு 32 கிராம் என்றால் 100 கிராம் 500 ரூபாய். அதைவிடக் குறைவாகவே நீலகிரியின் முழு இலை கிடைக்கிறது. முக்கோண வடிவ நைலான் பைகள் எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட ஒரு பிளாஸ்டிக் பை 95 டிகிரி தண்ணீரில் சுமார் 1,160 கோடி நுண்பிளாஸ்டிக் துகள்களை விடுவதாகக் கண்டார்கள். உடம்புக்கு அது என்ன செய்யும் என்பது வேறு கேள்வி. வடிகட்டி இருக்கும்போது எனக்கு அந்தப் பை தேவைப்படவில்லை.

மூலிகை டீக்கு முறை நேர்மாறு. துளசி, கெமோமில், எலுமிச்சைப்புல் எல்லாவற்றுக்கும் கொதிக்கும் தண்ணீர்தான், ஐந்து முதல் ஏழு நிமிடம், கட்டாயம் மூடி போட்டு. இவற்றின் மணம் ஆவியாகும் எண்ணெய்களில் இருக்கிறது. அம்மா சொல்வார்: "மூடாம போட்டா வாசம் வீட்டுக்கு, சக்கை நமக்கு." மூடியைத் திறந்ததும் அதன் அடியில் நிற்கும் நீர்த்துளிகளைத் திரும்ப டம்ளருக்குள் தட்டிவிடுவேன், மணம் அதில்தான் இருக்கும். துளசியில் யூஜெனால் இருப்பதால் கிராம்புச் சாயல் வர வேண்டும். அது வராமல் வைக்கோல் வாசனை வந்தால் பழைய இலை. நாட்டு மருந்துக் கடையில் உதிரியாக வாங்கும் துளசியே எனக்குப் பெட்டித் துளசியைவிடப் பிடித்தது, ஆனால் பச்சை நிறம் மங்காமல், தூசியும் பூஞ்சையும் இல்லாமல் இருக்கிறதா என்று கையில் எடுத்துப் பார்த்து வாங்க வேண்டும்.

கெமோமில் ராத்திரிக்கு. ஆப்பிளும் தேனும் கலந்தாற்போல ஒரு மணம். முழுப் பூவாக வாங்கினால் மட்டும்தான் அது கிடைக்கும், பையில் வரும் மஞ்சள் தூளில் இல்லை. ஹைபிஸ்கஸ் என்று விற்பதைப் பலர் வீட்டுச் செம்பருத்தி என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது புளிச்சக்கீரை இனத்துச் செடியின் சிவந்த புல்லிவட்டம். எகிப்தில் கர்கடே, செனகலில் பிஸ்ஸாப் என்று பெயரிட்டுக் குடிப்பது இதைத்தான். நல்ல புளிப்பு, மாதுளை நிறம். வயிற்று எரிச்சல் உள்ளவர்களுக்கு ஒத்துவராது. ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சங்குப்பூ டீயின் நீலமும், எலுமிச்சை பிழிந்ததும் அது ஊதாவாக மாறுவதும் குழந்தைகளுக்குப் பிடிக்கும். ருசி என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. முருங்கை இலை டீ கீரை வேகவைத்த தண்ணீர் போலவே இருக்கிறது. கீரையாகவே சாப்பிட்டுவிடலாம். ஆவாரம்பூ எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது: இளம் மஞ்சள், மெல்லிய துவர்ப்பு, ஒரு துண்டு சுக்கு தட்டிப் போட்டால் இன்னும் நன்று. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற அளவுக்கு நான் போகமாட்டேன், ஆனால் மாலை நேரத்துக்கு அருமையான பானம்.

இரண்டு பொருள்களைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சர்க்கரை இல்லை என்று போட்டிருக்கும் மூலிகை டீ நன்றாக இனித்தால், அதில் அதிமதுரம் இருக்கிறதா என்று பாருங்கள். அதிலுள்ள கிளிசிரைசின் தொடர்ந்து உள்ளே போனால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு என்பதால் எங்கள் வீட்டுக்குள் அந்த வகை வருவதே இல்லை.

அடுத்தது டிடாக்ஸ், ஸ்லிம்மிங் என்ற பெயரில் வருபவை. பொருள் பட்டியலில் சென்னா இருந்தால் அது நிலாவாரை இலை, மலமிளக்கி. நம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் விளைந்து, ஊர்ப் பெயராலேயே உலகச் சந்தையில் "டின்னவேலி சென்னா" என்று விற்கும் பழம்பெரும் மருந்துச் சரக்கு. ராத்திரி குடித்தால் காலையில் வயிறு போகும், எடை இயந்திரத்தில் முள் இறங்கும். இறங்கியது கொழுப்பு இல்லை, தண்ணீரும் மலமும்தான். மலச்சிக்கலுக்கு மருத்துவர் சொல்லி ஓரிரு நாள் எடுப்பது வேறு. இதையே டீ என்று நினைத்து மாதக்கணக்கில் குடித்தால் உடம்பின் உப்புச் சமநிலை கெடும். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் இந்தப் பெட்டிகளை ஆன்லைனில் வாங்கிக் குடிப்பதைப் பார்க்கும்போது உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. வீட்டில் யாராவது வாங்கினால் பின்பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள்.

கிரீன் டீயைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை அது தடுக்கும். முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், ரத்தசோகை உள்ளவர்கள் இதை விடக்கூடாது. ஒரு கப்பில் 30 மில்லிகிராம் அளவுக்குக் காஃபினும் உண்டு, ராத்திரிக்கு ஆகாது. கிரீன் டீ சாறு மாத்திரைகள் பக்கம் நான் போவதே இல்லை. கிரீன் டீயின் முக்கியக் கேட்டகினான இஜிசிஜியை ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் மாத்திரையாக எடுப்பது கல்லீரலைப் பாதிக்கலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சொல்லியிருக்கிறது. இலையை ஊறவைத்துக் குடிப்பதை அதோடு குழப்ப வேண்டாம்.

சென்னை ஈரப்பதத்தில் திறந்த பாக்கெட் சீக்கிரம் மணம் இழக்கும். இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் போட்டு, மசாலா டப்பாக்களுக்குத் தள்ளி வையுங்கள். 50 கிராமுக்கு மேல் ஒரே தடவையில் வாங்க வேண்டாம்.

கோடைக்கு ஒன்று. ஒரு லிட்டர் குளிர்ந்த குடிநீரில் 10 கிராம் கிரீன் டீ இலையைப் போட்டு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் வடிகட்டுங்கள். குளிர்ந்த நீரில் கேட்டகின் மெதுவாகத்தான் இறங்கும் என்பதால் கசப்பு ரொம்பக் குறைவு. கிரீன் டீ என்றாலே முகம் சுளிக்கும் என் அத்தை சர்க்கரை கேட்காமல் குடித்தது இதை மட்டும்தான். கூடவே நாலு புதினா இலை போடலாம். வடிகட்டியதை மறுநாளுக்குள் குடித்துவிடுங்கள், அதற்கப்புறம் நிறம் பழுப்பேறி ருசி தட்டையாகிவிடும்.