கருப்பட்டித் தூளும் ரோட்டர் மெஷினும்: ஆறு வருஷ அனுபவம்

கல்லிடைக்குறிச்சியில் சின்ன பேக்கிங் யூனிட் நடத்துகிறேன். உடன்குடிப் பக்கமிருந்து கருப்பட்டி வாங்கி, காயவைத்து, தூளாக்கி, பாக்கெட் போடுகிறோம். கூடவே சுக்குக் காபித் தூளும் உண்டு. 2019-இல், அறைக்காற்றின் ஈரத்தை உறிஞ்சி எடுக்கும் டெசிகண்ட் டீஹியூமிடிஃபையர் என்ற மெஷின் ஒன்று வாங்கினோம். வாங்கலாமா என்று கேட்டுத் தொழிலில் இருக்கும் பலர் போன் செய்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாதிப் பாதியாகச் சொல்வதைவிட முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கருப்பட்டியில் சுக்ரோஸோடு குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்திருக்கின்றன. இந்த இரண்டும் காற்றிலுள்ள ஈரத்தைச் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும். வெள்ளைச் சீனி தாங்குகிற ஈரத்தில் கருப்பட்டி இளகிவிடுவது இதனால்தான். முழுக் கருப்பட்டியென்றால் மேல்தோல் மட்டும் வேர்க்கும். எங்கள் ஆச்சி அதை ஓலைக்கொட்டானில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைத்து, புகையிலேயே வருஷம் முழுக்கக் காப்பாற்றினாள். தூளுக்கு அது நடக்காது. எங்கள் ஊருக்கோ ஆனி ஆடியில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை, மற்ற நாளில் கன்னடியன் கால்வாய் பாயும் வயல்காட்டு ஈரம். அந்த மாதங்களில் பாக்கெட்டில் தூள் நிரப்பும் ஃபில்லர் மெஷினின் திருகில் தூள் களிபோல அப்பிக்கொள்ளும். கத்தியால் சுரண்டிச் சுரண்டியே பாதி நாள் போய்விடும்.

முதலில் ஏசி போட்டோம். அறை குளிர்ந்தது, ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. அப்புறம் வாளியில் தண்ணீர் பிடிக்கிற கம்ப்ரஸர் வகை டீஹியூமிடிஃபையர். 50 வரை வந்து நின்றுவிட்டது. குளிர்ந்த சுருளில் ஈரத்தைத் தண்ணீராக்கிப் பிடிக்கிற வகைக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழே போக முயன்றால் சுருளில் பனி உறைந்துவிடும். எங்களுக்குத் தேவை 40.

டெசிகண்ட் வகையில் சுருள் கிடையாது. தேன்கூடு மாதிரி ஆயிரக்கணக்கான நுண்துளைகள் கொண்ட ஒரு சக்கரம், அதுதான் ரோட்டர். அதன் சுவரெல்லாம் சிலிக்கா ஜெல். மருந்து டப்பாவுக்குள் சின்னப் பொட்டலமாகக் கிடக்குமே, அதே பொருள்தான். சக்கரத்தின் முக்கால் பாகம் வழியாக அறைக்காற்று போய், ஈரத்தை விட்டுவிட்டுத் திரும்புகிறது. மீதிக் கால் பாகம் வழியாக 120, 130 டிகிரிக்குச் சூடாக்கிய காற்று போய், பிடித்த ஈரத்தை வெளியே தள்ளுகிறது. சக்கரம் சுற்றச் சுற்ற இரண்டு வேலையும் இடைவிடாமல் நடக்கிறது.

முதல் நாள் பேக்கிங்கில் இருக்கும் அக்கா ஓடிவந்து, “அண்ணாச்சி, சக்கரம் சுத்தவே இல்ல, பாத்தேளா?” என்றார். எனக்கும் பகீரென்றது. ரோட்டரின் விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டுக் காத்திருந்தோம். ஏழரை நிமிடத்தில் கோடு பழைய இடத்துக்கு வந்தது. மணிக்கு 8 சுற்றுதான்!

முதல் வருஷம் படாத பாடு பட்டோம். பொருத்த வந்தவர்கள் சூடான ஈரக்காற்று வெளியேறும் குழாயை உட்பக்கம் சாய்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மழைநாளில் குழாய்க்குள் ஆவி தண்ணீராகி மெஷினுக்குள்ளேயே சொட்டியது. அந்தக் குழாய் எப்போதும் வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். வாங்குகிறவர்கள் பக்கத்தில் நின்று பார்த்து வாங்குங்கள்.

அதையும்விட முக்கியம் அறை. எங்களுடையது 20 அடிக்கு 15 அடி, உயரம் 10. முப்பது டிகிரியில் 80 சதவீத ஈரம் என்றால் அந்த அறைக் காற்றில் மொத்தமே இரண்டு லிட்டர் தண்ணீர்தான். அதை எடுப்பது மெஷினுக்குப் பெரிய வேலையே இல்லை. கதவிடுக்கில் நுழைவதும், வேலை செய்கிற ஒவ்வொருவரின் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்கு 100 முதல் 200 கிராம் சேர்வதும்தான் அதை ஓயவிடாமல் ஓட்டுகின்றன. நான் ஒரு வருஷம் மெஷினைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் ஊதுபத்தி ஏற்றிச் சுவரோரமாக நடந்தேன். பழைய எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை, ஒயர் நுழையும் துளை, ஃபால்ஸ் சீலிங் மூலை என்று ஒவ்வோரிடத்திலும் புகை வளைந்தது. எல்லாவற்றையும் அடைத்து, சுவருக்கு எபாக்ஸி பெயின்ட் அடித்து, வாசலுக்கு முன்னால் ஒரு சின்னத் தடுப்பறை கட்டினோம். அதே மெஷின் அதற்கப்புறம் 40-ஐ லேசாகப் பிடித்தது.

ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டரை அப்படியே நம்பாதீர்கள். ஒரு மூடியில் தூத்துக்குடி உப்பைப் போட்டுச் சேறு பதத்துக்கு நனைத்து, மீட்டரோடு டப்பாவில் அடைத்து ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். எங்களுடையது 69 காட்டியது.

குறைகளும் உண்டு. வெளிவரும் உலர்காற்று நல்ல சூடாக இருக்கும், அதைத் தணிக்க ஏசி கூடுதலாக உழைக்க வேண்டும். ஹீட்டர் கரண்டைக் குடிக்கும். ஈரத்தைப் பார்த்து மெஷினைத் தானாக ஓட்டி நிறுத்தும் ஹியூமிடிஸ்டாட் வைத்து, தேவைப்பட்டால் மட்டும் ஓடவிட்ட பிறகுதான் பங்குனி சித்திரை பில் குறைந்தது. ஒருமுறை ஆசைப்பட்டு 25-க்கு இறக்கினேன். தூள் பாக்கெட் ஃபிலிமில் மின்சாரம் பிடித்ததுபோல ஒட்டிக்கொண்டது, வேலைக்கு வருகிறவர்களுக்குத் தொண்டை வறண்டு உதடு வெடித்தது. வாராவாரம் ஃபில்டரைக் கழுவியே ஆகவேண்டும். கருப்பட்டித் தூசி ரோட்டரில் படிந்து சூட்டில் கருகினால் துளை அடைந்துவிடும். சர்க்கரைத் தூசி தீப்பிடிக்கக்கூடியது என்பதையும் மறக்கக்கூடாது. நிறுத்தும்போது முதலில் ஹீட்டர், அது ஆறிய பிறகே ஃபேன்.

மருந்துக் கம்பெனியில் இருக்கும் மச்சினன், தண்ணீரில் போட்டால் பொங்குகிற மாத்திரைக்கு 20, 25 சதவீதம் வைப்பார்கள் என்றான். லித்தியம் பேட்டரி செய்யும் அறைக்குப் பனிநிலையே, அதாவது காற்றிலுள்ள ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலையே, மைனஸ் 40 டிகிரி வரை போகவேண்டுமாம். விதை வியாபாரிகளுக்கு இது நிச்சயம் உதவும். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பழைய கணக்கு. முழுக் கருப்பட்டியை மட்டும் விற்கிறவர்களுக்கு இந்தச் செலவு வேண்டாம், பரண் போதும்.

2023 டிசம்பர் 17, 18 மழையை நம் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. அறையில் சீசன் சரக்கு முழுக்க இருந்தது. கதவைத் திறக்கவே கூடாது என்று சொல்லி, கண்ணாடி வழியாக டார்ச் அடித்து மீட்டரை மட்டும் பார்த்தோம். நாற்பதிலிருந்து 53 வரை ஏறி, அதோடு நின்றது. கரண்ட் வந்ததும் ஒரு மூட்டையைப் பிரித்து அள்ளினேன். தூள் விரலிடுக்கில் ஆற்றுமணல் போல வழிந்தது. பக்கத்தில் நின்ற அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான்.

இதுவரை ஒரு பெல்ட், ஒரு ஹீட்டர் காயில் மாற்றியிருக்கிறோம். ரோட்டர் பழையதுதான். காலையில் 60-இலிருந்து 40-க்கு இறங்க முன்பு முக்கால் மணி நேரம் ஆகும், இப்போது ஒன்றேகால் ஆகிறது. ரோட்டரைச் சுற்றியுள்ள சீல் தேய்ந்து, ஈரக்காற்றும் உலர்காற்றும் கலக்கின்றன. சாரலுக்கு முன்னால் மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன்.