பிரபலம் போன பிறகு வீடு: டிக்கெட்டா, அரசா, பள்ளிக்கூடமா?

எங்கள் சின்னத்தாத்தா நாடக நடிகர். நாற்பது வருடம் மேடை. கடைசிக் காலத்தில் சினிமாவில் நீதிபதி, ஊர்ப் பெரியவர், டாக்டர் என்று இரண்டு நிமிட வேடங்கள். அந்த இரண்டு நிமிடங்கள்தான் அவரை எல்லாருக்கும் தெரிந்த முகமாக்கின என்பது வேறு கதை. அவர் இறந்த அன்று வாசலில் கூடிய கூட்டத்தைப் பார்த்து அசந்துபோன என் மாமா, காரியம் முடிந்த கையோடு சொல்லிவிட்டார்: "இந்த வீட்டை விற்கவே கூடாது. அவர் இருந்தது இருந்தபடி வைத்து ஜனங்களுக்குத் திறந்துவிடணும்."

சரி என்றுதான் எல்லாரும் தலையாட்டினோம். எப்படித் திறப்பது என்பதில் ஒன்றரை வருடம் போயிற்று. ஐந்து வாரிசுகள், மூன்று யோசனைகள். டிக்கெட் போட்டு நாங்களே நடத்துவது. நினைவு இல்லமாக அரசிடம் ஒப்படைப்பது. வீட்டை ஏதாவது நல்ல உபயோகத்துக்குக் கொடுத்துவிட்டு, ஓர் அறையை மட்டும் அவருக்காக வைத்துக்கொள்வது. கணக்கு எழுதும் வேலை என் தலையில் விழுந்ததால் மூன்றையும் துருவிப் பார்க்க வேண்டியதாயிற்று. கடைசியில் மூன்றாவதற்குப் போனோம். அதனால் இதை நடுநிலையோடு எழுதுவதாகப் பாவனை செய்யப் போவதில்லை.

பெயர் எவ்வளவு பெரிது, வீடு பஸ் போகிற ரோட்டில் இருக்கிறதா, வண்டி நிறுத்த இடம் உண்டா என்பதெல்லாம் யாரும் கேட்கிற கேள்விகள். தாண்டிப் போகலாம்.

டிக்கெட் போடலாம் என்று சொல்கிறவர்கள் எல்லாருக்கும் குலதெய்வம் மெம்பிஸில் இருக்கிறது. கிரேஸ்லேண்ட். அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி 1977 ஆகஸ்டில் இறந்தபோது வாரிசான மகளுக்கு வயது ஒன்பது. வீட்டைக் கட்டிக் காப்பதற்கே வருடத்துக்குச் சுமார் ஐந்து லட்சம் டாலர் செலவு, வரி தனி. விற்க வேண்டிய நிலை வந்தபோது, மகளுக்காகச் சொத்தைப் பார்த்துக்கொண்ட எல்விஸின் முன்னாள் மனைவி பிரிசில்லா வேறு வழியில் போனார். 1982 ஜூன் 7 அன்று வீடு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று வருடத்துக்கு ஐந்து லட்சம் பேருக்கு மேல் வந்து பார்க்கிறார்கள். எங்கள் மாமா இதை அச்சடித்தே கொண்டுவந்தார்.

அவர் அச்சடித்த தாளில் இல்லாத விஷயம் ஒன்று உண்டு. கிரேஸ்லேண்டின் வரும்படி அந்த வீட்டுக்குள்ளிருந்து மட்டும் வருவதில்லை. ரோட்டுக்கு எதிர்ப்புறம் கார்கள், விமானங்கள், உடைகள், கடைகள், ஹோட்டல் என்று ஒரு பெரிய வளாகமே நிற்கிறது. எல்விஸின் பெயரையும் முகத்தையும் பயன்படுத்தும் உரிமை வேறு. வீடு ஒரு வாசற்படி மாதிரி. வியாபாரம் வேறு இடத்தில் நடக்கிறது. எதிர்ப்புறத்தில் போட ஒன்றுமில்லாதவர்கள் வீட்டை மட்டும் திறந்தால் வாசற்படியை விற்றுப் பிழைக்க வேண்டியதுதான்.

அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று. எல்விஸின் அத்தை டெல்டா, வீடு காட்சிக்குத் திறந்த பிறகும் அங்கேயே குடியிருந்தார். 1993இல் அவர் இறக்கும்வரை சமையலறைக்குள் பார்வையாளர்களை விடவில்லை. வாசலில் டிக்கெட் வாங்கி ஆயிரம் பேர் கடந்து போக, மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு வயதான அம்மா அடுப்பில் ஏதோ கிளறிக்கொண்டிருந்திருப்பார். மேல்மாடி இன்றுவரை யாருக்கும் திறக்கப்படவில்லை. எவ்வளவு பெரிய வியாபாரமானாலும் குடும்பத்துக்கென்று ஒரு கதவு பூட்டியிருக்க வேண்டும் என்று அங்கே யாருக்கோ தோன்றியிருக்கிறது. மூன்றாவது யோசனையின் விதை எனக்கு அங்கேதான் கிடைத்தது.

பாடகர் பிரின்ஸின் பெய்ஸ்லி பார்க்கையும் சொல்வார்கள். உயில் எழுதாமல் 2016 ஏப்ரலில் இறந்தார். அதே வருடம் அக்டோபரில் திறந்துவிட்டார்கள். ஆனால் அது ஒலிப்பதிவுக் கூடமும் நிகழ்ச்சி அரங்கமும் சேர்ந்த பெரிய கட்டடம். கூட்டம் வருவதற்கென்றே கட்டியது போன்ற இடம். அங்கேயே நகர மன்றம் போக்குவரத்தையும் பார்க்கிங்கையும் காட்டி, முதலில் சில நாட்களுக்குத்தான் அனுமதி கொடுத்தது. எங்கள் வீட்டு மாடிப்படியில் எதிரும் புதிருமாக இரண்டு பேர் ஏற இறங்க முடியாது.

இருந்தாலும் மாமாவின் மனசுக்காக எட்டு ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்தோம். டிக்கெட் இல்லை, உண்டியல் மட்டும். முதல் இரண்டு வாரம் நல்ல கூட்டம். ஐந்தாவது வாரம் ஏழு பேர், அதில் மூன்று பேர் உறவு. ஒருவர் சின்னத்தாத்தாவின் டோப்பாவை எடுத்துத் தலையில் வைத்து செல்ஃபி எடுத்துக்கொண்டார். எட்டு வாரத்து உண்டியல் அந்த மாதக் கரண்ட் பில்லுக்குப் போதவில்லை. பெரிய அளவில், ஆள் வைத்து, விளம்பரம் செய்து நடத்திய அனுபவம் எனக்கு இல்லை. அப்படி நடத்தியவர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

அரசிடம் போவதில் பெரிய வசதி, வேலையாட்களின் சம்பளம் நின்றுபோகாது. திருவல்லிக்கேணியில் பாரதியார் இல்லம், தியாகராய நகரில் காமராஜர் இல்லம் இரண்டும் இன்று நிற்கின்றன என்றால் அரசு எடுத்து நடத்துவதால்தான். உறவினர்களின் கைக்காசை நம்பியிருந்தால் எப்போதோ அடுக்குமாடி ஆகியிருக்கும் என்பது என் அனுமானம்.

இந்த வழியில் எவ்வளவு தூரம் போய்த் திரும்பி வர நேரும் என்பதற்கு வேதா நிலையம் சாட்சி. ஜெயலலிதா 2016 டிசம்பரில் மறைந்தார். 2017 ஆகஸ்டில் நினைவு இல்லமாகும் என்ற அறிவிப்பு, 2020 மே மாதம் அவசரச் சட்டம், ஜூலையில் இழப்பீட்டுத் தொகையாக 67.90 கோடி ரூபாய் நீதிமன்றத்தில் டெபாசிட். போயஸ் தோட்டத்துக்காரர்கள் கூட்ட நெரிசலைச் சொல்லி எதிர்த்தார்கள். 2021 ஜனவரி 28 அன்று திறப்பு விழா நடந்தது. ஆனால் மக்களை உள்ளே விட உயர் நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. நவம்பர் 24 அன்று கையகப்படுத்தியதே செல்லாது என்று தீர்ப்பு. மெரினாவில் ஏற்கனவே ஒரு நினைவிடம் இருக்கும்போது இன்னொன்றில் என்ன பொது நோக்கம் என்பதும் நீதிபதி எழுப்பிய கேள்வி. டிசம்பரில் சாவி அண்ணன் பிள்ளைகள் கைக்குப் போயிற்று.

வாரிசுகளின் சம்மதம் இல்லாததால் வந்த வினை அது, எங்கள் ஐந்து பேருக்கும் சம்மதம்தானே என்று அத்தை வாதாடினார். நியாயம்தான். ஆனால் அந்த வழக்குச் செய்திகளில் என் கண் வேறொன்றில் நின்றது. அந்த வீட்டில் எடுத்த பட்டியலில் 32,721 பொருட்கள். 8,376 புத்தகங்கள். 38 ஏசி. தங்கம் வெள்ளியைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். நான் நினைத்தது: இத்தனை புத்தகத்தையும் யார் வருடத்துக்கு ஒரு தடவையாவது எடுத்துத் தட்டுவார்கள்? ஏசியை நிறுத்தினால் துணிமணி என்ன ஆகும்?

எங்கள் முடிவைத் தீர்மானித்தது இதுதான். திறப்பு விழாவுக்கு ஆள் கிடைப்பார்கள். பத்தாவது வருடம் புரட்டாசியில் மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயில் அடைத்த இலையை எடுக்க ஆள் வேண்டும்.

ஒரு வீடு பூட்டிக் கிடந்தால் எவ்வளவு வேகமாகக் கெடும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். ஆள் புழங்கும்போது ஜன்னல் திறக்கிறது, காற்று போகிறது, ஒழுகினால் அன்றைக்கே தெரிகிறது. பூட்டினால் முதல் மழைக்காலத்திலேயே சுவரில் ஓதம் ஏறி, உப்புப் பூத்து, சுண்ணாம்பு உதிர ஆரம்பித்துவிடும். ஒரு தீபாவளி கழித்து மர அலமாரியைத் திறந்தேன். சரிகை கறுத்து, ராஜபார்ட் அங்கி ஆணியில் தொங்கிய தோள்பட்டை இடத்தில் விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. யாரும் இழுக்கவில்லை. தன் கனத்தில் தானே கிழிந்திருக்கிறது. ஹார்மோனியத்தின் துருத்தித் தோலை எலி கடித்திருந்தது. வசன நோட்டுகளில் இராமபாணப் பூச்சி ஓட்டை போட்டிருந்தது. எங்கள் கைங்கரியமாக அந்துருண்டை போட்டு வைத்திருந்தோம். அது பாதி கரைந்து காகிதத்தில் ஒட்டியிருந்தது.

அப்புறம்தான் விசாரித்தேன். பழைய பட்டுத் துணியைத் தொங்கவிடக் கூடாது, தட்டையாகப் படுக்க வைத்து, மடிப்புக்குள் சுருட்டிய வெள்ளைப் பருத்தித் துணி வைக்க வேண்டும். அருங்காட்சியகங்களில் துணிக்கு ஐம்பது லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் காட்டுவதில்லை. நம் வீட்டு டியூப்லைட்டுக்கு நேர் கீழே இருக்கும் வெளிச்சமே அதைவிடப் பல மடங்கு. வெளுத்த சாயம் திரும்பாது. அறையில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சை பிடிக்கும். வந்து பார்ப்பவர்களின் மூச்சும் வியர்வையும்கூட அதில் சேரும். அதாவது டிக்கெட் அதிகம் விற்றால் பொருள் சீக்கிரம் கெடும். பொருளைக் காப்பாற்ற ஆளைக் குறைத்தால் டிக்கெட் வருமானம் குறையும். கிரேஸ்லேண்ட் மாதிரி எதிர்ப்புற வளாகம் இருந்தால் இந்த முடிச்சை அவிழ்க்கலாம். நமக்கு எங்கே போவது?

இங்கிலாந்தின் லிவர்பூலில் பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனன் வளர்ந்த மெண்டிப்ஸ் வீட்டில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அவர் மனைவி யோகோ ஓனோ 2002இல் அதை வாங்கி நேஷனல் டிரஸ்ட்டுக்குக் கொடுத்தார். அங்கே நினைத்தபோது போய்க் கதவைத் தட்ட முடியாது. முன்பதிவு செய்து, டிரஸ்ட்டின் சின்ன பஸ்ஸில் ஒரு சிறு குழுவாகப் போக வேண்டும். வீடு சின்னது என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு. ஆனால் பின்னால் நூற்றுக்கணக்கான வீடுகளைப் பராமரிக்கிற ஒரு பெரிய அமைப்பு நிற்கிறது.

மெக்சிகோவில் ஓவியர் ஃபிரிடா காலோவின் நீல வீட்டில் நடந்தது இன்னும் வேடிக்கை. அவர் கணவர் டியேகோ ரிவேரா, தன் காலத்துக்குப் பின் பதினைந்து வருடம் ஒரு குளியலறையைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் 2004இல்தான் திறந்தார்கள். உள்ளே உடைகள், கடிதங்கள், புகைப்படங்கள். வெளிச்சமும் கூட்டமும் படாமல் இருந்ததற்கு அந்தப் பூட்டுக்கும் பங்கு உண்டு என்று நினைத்துக்கொள்கிறேன். பூட்டியதால் எங்கள் வீட்டுப் பட்டு போயிற்று என்று மேலே எழுதியவன் நான்தான். அங்கே வீட்டின் மற்ற அறைகளில் 1958 முதல் அருங்காட்சியகம் நடந்துகொண்டிருந்தது, ஆள் நடமாட்டம் இருந்தது என்பது வித்தியாசம்.

எங்களை முடிவெடுக்க வைத்தது எம்.ஜி.ஆரின் உயில். அவர் வாழ்ந்த ராமாபுரம் தோட்டத்தில் வாய் பேச முடியாத, காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி நடக்கிறது. அலுவலகமாக வைத்திருந்த ஆற்காடு தெரு வீடுதான் நினைவு இல்லம். அம்பாசிடர் காரும், பாடம் செய்த சிங்கமும் பார்க்க மக்கள் அங்கே போகிறார்கள். குடியிருந்த இடத்தைப் பிள்ளைகளுக்கும், ரசிகர்களுக்கு இன்னொரு இடத்தையும் பிரித்து வைத்ததில் எவ்வளவு யோசனை இருக்கிறது பாருங்கள். அந்த உயிலைச் சுற்றியும் வழக்குகள் வந்தன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பள்ளி மணி அடித்துக்கொண்டிருக்கிறது. கருணாநிதி 2010இலேயே கோபாலபுரம் வீட்டை, தனக்கும் மனைவிக்கும் பின் ஏழைகளுக்கான மருத்துவமனைக்கு என்று எழுதிவைத்தார். எஸ்.பி.பி. நெல்லூர் வீட்டை வேத பாடசாலைக்காக உயிரோடு இருக்கும்போதே கொடுத்தார். இவர்கள் எல்லாரும் தாங்களே முடிவு செய்தார்கள். சின்னத்தாத்தா செய்யவில்லை, நாங்கள் அவருக்காக ஊகித்தோம்.

இப்போது கீழ்த்தளத்திலும் மாடிக் கூடத்திலும் ஒரு சிறு அறக்கட்டளை பிள்ளைகளுக்கு நாடகமும் பாட்டும் சொல்லித் தருகிறது. வாடகை கிடையாது. கரண்ட், தண்ணீர், வெள்ளையடிப்பு, ஒழுகினால் அடைப்பது அவர்கள் பாடு. தானப் பத்திரம் எழுதவில்லை, மூன்று வருட ஒப்பந்தம்தான். மாடியில் அவருடைய ஒப்பனை அறை மட்டும் எங்கள் சாவியில். பார்க்க வருகிறவர்கள் முன்கூட்டியே போனில் சொல்ல வேண்டும், ஒரு தடவைக்கு ஆறு பேர். மாதத்தில் மூன்று நான்கு குழு வருகிறது. ஹார்மோனியத்துக்குப் புதுத் தோல் போட்டாயிற்று. கிழிந்த அங்கியைக் கிழிந்தபடியே படுக்க வைத்திருக்கிறோம்.

இதிலும் ஓட்டைகள் உண்டு. ஒப்பந்தம் முடிந்து அவர்கள் வேறு இடம் பார்த்துப் போனால் மறுபடி பழைய கதைதான். பிள்ளைகள் ஓடியாடுவதில் கூடத்துத் தூண் ஒன்றின் வண்ணம் பெயர்ந்துவிட்டது. அப்புறம், எங்கள் தாத்தா நடுத்தரமான புகழுக்காரர் என்பதால்தான் இது சரிப்பட்டது. தினம் ஆயிரம் பேர் தேடி வருகிற நட்சத்திரத்தின் வீடென்றால் வகுப்பு நடத்த முடியாது. அங்கே டிக்கெட்டும் பாதுகாப்பும் இல்லாமல் தீராது. எங்களுக்கு ஆனதே இன்னும் இரண்டு வருடம்தான், இரண்டு மழைக்காலம் பார்த்திருக்கிறோம். சுவர் இதுவரை உலர்ந்திருக்கிறது.

மாமாவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. வரும்போதெல்லாம் வாசல் நடையில் நின்று, கட்டணப் பலகையை எங்கே மாட்டியிருக்கலாம் என்று கை காட்டுவார். அந்த ஆணியில் இப்போது பிள்ளைகளின் குடைகள் தொங்குகின்றன.